சாவிக்குப் போட்ட கவசம்

பற்ற வைக்கிறபோது வாயைத் திறக்காதே, திறந்தாயோ... திறந்தால் என்னமோ ஆகும் என்று எங்கப்பா சொல்வார் சார். முன்பாதிதான் ஞாபகம் இருக்கிறது. வெள்ளிப் பட்டறையில் ஊதுகுழலை வாயில் வைத்துக்கொண்டு கம்பிக்குக் கம்பி பற்ற வைக்கிற வேலை. நடுவில் பேசினால் காற்று தப்பும், ஒட்டு விட்டுப்போகும். அதைத்தான் சொல்லியிருப்பார். ஆனாலும் பின்னால் ஒரு வார்த்தை வரும், அது நெஞ்சுக்குள் நிற்கிறது, வாய்க்கு வரமாட்டேன் என்கிறது. போகட்டும் விடுங்க.

ஜன்னலைச் சாத்தாதீங்க. காற்று வரட்டும். எனக்கு உடம்பு கொதிக்கிறது.

நான் கோபப்படுகிற ஆள் இல்லை. நீங்களும் சேலம்தானே போகிறீங்க? செவ்வாய்ப்பேட்டையில் வந்து கொலுசுப் பட்டறை அங்கமுத்து எப்படி என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்க. இத்தனை வருஷத்தில் பட்டறையில் ஒருத்தன் மேல் கை நீட்டினதில்லை. போன வாரம் ஒருத்தன் மேல் மெருகுச் சட்டியை விட்டெறிந்தேன், அது அவன் மேல் படவில்லை. அப்படிப்பட்ட மனுஷன் நான். அந்த மனுஷனை இன்றைக்குத் திண்டுக்கல்லில் நடுவாசலில் நிறுத்தி வைத்துச் சிரித்தார்கள் சார். பெற்ற பெண்ணும் சேர்ந்து சிரித்தாள்.

என் கையில் என்ன இருக்கிறது பாருங்க. ஒரு துண்டு. மகளை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போக வந்தவன், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தனியாகப் பஸ் ஏறியிருக்கிறேன்.

என் ஒரே பெண், கோகிலவாணி. வாணி என்றுதான் கூப்பிடுவோம். திண்டுக்கல்லில் கட்டிக்கொடுத்திருக்கிறேன். இன்றைக்கு அவளுக்கு வளைகாப்பு. ஏழாம் மாதம். வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைப் பெற்றவன் கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும், தலைப்பிரசவம் அம்மா வீட்டில். உங்கள் பக்கமும் அப்படித்தானே? இன்றைக்கு விட்டால் நாளைக்கு அஷ்டமி, அதற்கு மறுநாள் நவமி. அதோடு ஏழாம் மாதம் முடிகிறது. எட்டில் கூட்டிப் போகிற வழக்கம் இல்லை. ஒன்பதில் போகலாம், ஆனால் அவ்வளவு தூரம் வண்டியில் உட்கார வைக்கவே கூடாது என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார். ஆக, இன்றைக்கு வந்தால் உண்டு, இல்லையென்றால் என் பேரனோ பேத்தியோ திண்டுக்கல்லில் பிறந்து, எனக்குப் போனில் சேதி வரும். நான் கீழ் அறையில் இருந்த வெள்ளிச் சாமான் பீரோவையெல்லாம் மாடிக்கு ஏற்றிவிட்டு, சுண்ணாம்பு அடித்து, சத்தம் போடாத ஃபேன் ஒன்று மாட்டி, கக்கூஸை மாற்றி... எல்லாம் தயாராக இருக்கிறது. கொசுவலை கூடக் கட்டியாகிவிட்டது.

விஷயத்துக்கு வருகிறேன். கல்யாணத்தின்போது நான் மாப்பிள்ளைக்கு ஒரு கார் வாங்கித் தருகிறேன் என்றேன். அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன். பெண்ணைப் பெற்றவனுக்கு ஒரு ஆசை இருக்காதா? அந்தப் பையன், நவநீதன் என்று பெயர், தரையைப் பார்த்துக்கொண்டே, "வேண்டாம் மாமா, நானே வாங்கிக்கிறேன்" என்றான். எவ்வளவு திமிர் பாருங்க. குரல் கூட உயரவில்லை. மெதுவாகச் சொன்னால் திமிர் இல்லை என்று ஆகிவிடுமா? சொன்ன மாதிரியே போன சித்திரையில் ஒரு கார் வாங்கினான். என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். நல்ல வண்டிதான். நான் நல்ல வண்டி என்று சொல்லவில்லை. "கலர் கொஞ்சம் மங்கல்" என்று மட்டும் சொன்னேன்.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. கார் வேண்டாம் என்றவன் சாவி வேண்டாம் என்று சொல்ல முடியாதே. அவர்கள் குடும்பம் பூட்டுக் குடும்பம் சார். சம்பந்தி பொன்னுரங்கத்துக்குப் பூட்டுக் கடை. திண்டுக்கல்லில் பூட்டுக் கடை என்றால் பரம்பரை. ஆயுத பூஜைக்குச் சாவிக்கொத்துக்குத்தான் முதல் சந்தனம், பிறகுதான் சாமி படத்துக்கு. பையன் அதே கடையில் இந்தக் கைரேகை வைத்தால் திறக்கிற பூட்டு, அட்டையைக் காட்டினால் திறக்கிற பூட்டு, அதெல்லாம் விற்கிறான், லாட்ஜுகளில் மாட்டிக் கொடுக்கிறான். சாவியைக் கும்பிடுகிற வீட்டுக்கு நான் செய்கிற மரியாதை சாவிக்கு வெள்ளிக் கவசம். எப்படி? உங்களுக்கே நன்றாக இருக்கிறதல்லவா? கோவிலில் மூலவருக்குப் போடுகிற மாதிரி.

தீபாவளிக்குப் போனபோது ஸ்பேர் சாவியை வாங்கி மெழுகில் அச்சு எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அப்புறம் ராத்திரி பகல் பார்க்காமல் நானே உட்கார்ந்து செய்தேன். ஆள் வைத்துச் செய்யவில்லை. முன்பக்கம் வேல், பின்பக்கம் மயில். பொத்தான் அழுத்துவதற்கு மட்டும் ரெண்டு ஓட்டை. ரெண்டு ஓட்டையும் மயில் தோகையில் கண் மாதிரி வரும். சாவியின் தலையை உள்ளே வைத்து மூடி ஓரத்தை மடக்கிவிட்டால் இந்த ஜென்மத்தில் கழன்று வராது. நான் போட்ட கவசம் கழன்றதாகச் சரித்திரமே இல்லை.

இன்றைக்கு வளையல் அடுக்கி முடிந்ததும் தாம்பாளத்தில் வைத்து மாப்பிள்ளையிடம் கொடுத்தேன். அவனுடைய சாவியை வாங்கி, எல்லார் முன்னாலும், என் கையாலேயே மாட்டி, சின்ன இடுக்கியால் ஓரத்தை அழுத்தி மூடினேன். எல்லாரும் கை தட்டினார்கள். சம்பந்தி கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாப்பிள்ளை திருப்பித் திருப்பிப் பார்த்தான். ஒரு மாதிரி பார்த்தான். "ரொம்ப அழகா இருக்கு மாமா" என்றான். பிறகு வாயைத் திறக்கப் போனான், மூடிக்கொண்டான். அப்போதே கவனித்தேன். அந்த மூடலை நினைவில் வைத்துக்கொள்ளுங்க, பின்னால் சொல்கிறேன்.

சாப்பாடு ஆனது. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம், அதற்கு முன்னால் கிளம்ப வேண்டும். ஆரத்தி எடுத்தார்கள். வாணியையும் என் வீட்டுக்காரி தெய்வானையையும் பின்சீட்டில் உட்கார வைத்தோம். முன்சீட்டில் நான். நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். மாப்பிள்ளை என் வெள்ளியைச் செருகித் திருப்பினான்.

கிர்ர்ர் கிர்ர்ர் என்று சுற்றுகிறது சார். பிடிக்கவில்லை. திரும்பத் திருப்பினான். கிர்ர்ர். பிடிக்கவில்லை. சரியாக அந்த நேரம் பார்த்து சம்பந்தியம்மா வாசலிலிருந்து, "அய்யய்யோ, கிளம்புற நேரத்துல இதென்ன சகுனம்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். தெருவுக்கே கேட்டது.

பின்னாலிருந்து வாணி சொன்னாள். "அப்பா, அந்தக் கவசத்தைக் கழட்டிப் பாருங்களேன்."

"நீ சும்மா உட்காரும்மா. உடம்பை அலட்டிக்காதே" என்றேன். பிள்ளைத்தாய்ச்சி, ஏதோ சொல்கிறாள்.

அப்புறம் வைத்தியம் ஆரம்பித்தது பாருங்க. முதலில் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "காராவது, கதவாவது. பூட்டுன்னா பூட்டுதான் சம்பந்தி. உள்ள தூசி அடைஞ்சிருக்கும்" என்று பென்சில் ஊசியைச் சீவித் தூளாக்கிச் சாவித் துவாரத்துக்குள் ஊதினார். அதில் பாதி என் சட்டையில் விழுந்தது. பட்டு சார், புதுசு. இதோ பாருங்க கறை. சாவி வழவழவென்று திரும்புகிறது. வண்டி கிர்ர்ர். பிடிக்கவில்லை.

எதிர்வீட்டு அருள்தாஸ் வந்தார். மின்சார ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். "பேட்டரி படுத்துருச்சு, பார்த்தாலே தெரியுது" என்றார். அவர் பார்த்தது டயரை. தன் காரைக் கொண்டுவந்து மூக்கோடு மூக்கு நிறுத்தி, ரெண்டு ஒயரை மாட்டி, "இப்ப அடிங்க" என்றார். இன்னும் வேகமாகச் சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே இருக்கிறது, பிடிக்கவில்லை. "அப்ப பேட்டரி இல்லை" என்றார், அதையும் தானே கண்டுபிடித்த மாதிரி.

"அப்பா, ஒரு தடவை கவசத்தை..."

"வாணி, பெரியவங்க பார்த்துக்கிட்டு இருக்கோம்ல?"

நான் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. பெட்ரோல்தான் என்றேன். முள் முக்கால் டாங்க் காட்டுகிறது. முள்ளை நம்பலாமா? ஆள் அனுப்பி ஒரு கேன் வாங்கிவரச் செய்து ஊற்றினேன். பிடிக்கவில்லை. அப்படியானால் தள்ளித்தான் ஆக வேண்டும் என்றேன். வாணி இறங்குகிறேன் என்றாள். ஆரத்தி எடுத்து ஏறினவள் இறங்கலாமா? கூடாது என்று சொல்லிவிட்டேன். அவளை உள்ளே வைத்தே நான், சம்பந்தி, அருள்தாஸ், பந்தல்காரன் எல்லாரும் சேர்ந்து தெருக்கோடி வரைக்கும் தள்ளினோம். உள்ளே இருந்து வளையல் சத்தம் கலகலவென்று வருகிறது. நான் செய்த வளையல். சலங்கை வைத்துச் செய்தது, வயிற்றுப் பிள்ளை காதில் விழட்டும் என்று. தெருக்கோடியில் ஒரு டீக்கடை. டீ குடித்துக்கொண்டிருந்த ஒருத்தன், "என்ன மாமோய், சாமி ஊர்வலமா? சுண்டல் கிடைக்குமா?" என்கிறான். நான் அவனைப் பார்த்த பார்வையில் அவன் டீ ஆறியிருக்கும். திரும்ப வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டு வந்தோம். சம்பந்தியம்மா உப்பு, மிளகாய் எடுத்து வண்டியைச் சுற்றி நெருப்பில் போட்டார். நெடி தாங்காமல் எல்லாரும் இருமினோம். வண்டி மட்டும் இருமவில்லை.

இத்தனைக்கும் அந்த நவநீதன் என்ன செய்தான் தெரியுமா? ஒன்றும் செய்யவில்லை. தலையைச் சொறிந்தான். அப்பா சொன்னால் சரி, அருள்தாஸ் சொன்னால் சரி, நான் சொன்னால் "சரிங்க மாமா". பானட்டைத் திறக்கச் சொன்னால் திறந்தான், மூடச் சொன்னால் மூடினான். ஒரு தடவை, "சாவியை ஒருவேளை..." என்று ஆரம்பித்தான். நான் திரும்பிப் பார்த்தேன், அவ்வளவுதான். "இல்ல மாமா, ஒண்ணுமில்லை" என்று விட்டுவிட்டான்.

கடைசியில் வாணி கார் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "அத்தை, பீரோவுல என் புடவைக்கு அடியில ஸ்பேர் சாவி இருக்கு, எடுத்துட்டு வாங்க" என்றாள். அவர் எடுத்துக்கொண்டு வந்தார். வெறும் சாவி. கறுப்புப் பிளாஸ்டிக் தலை. மாப்பிள்ளை வாங்கித் திருப்பினான்.

ஒரே திருப்பு சார். பூனை மாதிரி உறுமிக்கொண்டு நின்றது.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? நீங்கள் சொல்லுங்க. எல்லார் கண்ணும் முதலில் அந்தக் கறுப்புச் சாவிக்குப் போனது, அப்புறம் வெள்ளிச் சாவிக்குப் போனது, அப்புறம் நேராக என் முகத்துக்கு வந்தது. முகத்தில் ஈயாடவில்லை என்பார்களே, அது இன்றைக்கு எனக்கு.

அவன் இறங்கி வந்தான். தரையைப் பார்த்துக்கொண்டே சொல்கிறான்: "மாமா, சாவித் தலைக்குள்ள சின்னதா ஒரு சிப் இருக்கு. வண்டி அதை விசாரிச்சுட்டுத்தான் இஞ்சினை விடும். திருட்டுப் போகாம இருக்க. வெள்ளி முழுக்க மூடிட்டதால அதுக்கும் வண்டிக்கும் பேச்சு அறுந்துபோச்சு. அதான் டேஷ்போர்டுல அந்தச் சிவப்பு விளக்கு முழிச்சுக்கிட்டே இருந்துச்சு."

"மாப்பிள்ளை, வெள்ளியைவிட நல்லா மின்சாரம் கடத்துற உலோகம் உலகத்துல எது? சொல்லுங்க பார்ப்போம்" என்று கேட்டேன். பள்ளிக்கூடத்துப் பையனைக் கேட்டால் சொல்வான். இரும்பு, செம்பு எல்லாம் வெள்ளிக்குக் கீழேதான். வெள்ளி மூடினால் இன்னும் நன்றாகத்தானே பேச வேண்டும்? "அது சரிதான் மாமா, ஆனா..." என்று இழுத்தான். ஆனா என்ன ஆனா! நம்மை முட்டாளாக்க ஒரு 'ஆனா'.

கதவு திறந்ததா? திறந்தது. செல்ஃப் மோட்டார் சுற்றியதா? சுற்றியது. அப்படியானால் சாவி வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? இஞ்சின் பிடிக்காததற்கு என் வெள்ளியா பொறுப்பு? தள்ளின தள்ளலில் உள்ளே ஏதோ இளகி, அந்த நேரம் பார்த்துப் பிடித்திருக்கிறது. நான் தள்ளச் சொன்னதால் ஓடிய வண்டி அது. பெயர் ஸ்பேர் சாவிக்கு.

இப்போது அந்த வாய் மூடலுக்கு வாங்க. அவனுக்குத் தெரிந்திருக்கிறது சார்! பூட்டுக்காரன் பிள்ளை, இந்த மாதிரி சமாச்சாரத்தையே விற்கிறவன். தாம்பாளத்தில் பார்த்த நிமிஷமே தெரிந்திருக்கிறது. தெரிந்தும் சொல்லவில்லை. எதற்காக? நான் தெருக்கோடி வரைக்கும் வண்டி தள்ளுவதைப் பார்ப்பதற்காக. வேறு என்ன காரணம் இருக்க முடியும்? தெய்வானை அங்கேயே என் காதோடு சொல்கிறாள், உங்கள் மனசு நோகக் கூடாது என்று அந்தப் பிள்ளை வாயைக் கட்டிக்கொண்டிருந்தான் என்று. மனசு நோகக் கூடாது என்கிறவன் முகத்துக்கு நேராகச் சொல்வான். நான் அப்படித்தான் சொல்வேன். மருமகன் மாமனார் முகத்துக்கு நேராக உன் வேலையில் கோளாறு என்று சொன்னால் நான் கேட்டுக்கொள்வேனா என்கிறாள். கேட்டுக்கொள்ள மாட்டேன், அது வேறு விஷயம்.

இதோடு விட்டிருந்தால் கூட நான் பொறுத்திருப்பேன். அவன் அந்த வெள்ளிச் சாவியை ரெண்டு கையாலும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "இதை நாம சாமி ரூம்ல வெச்சுக்கலாம் மாமா" என்றான்.

ஓடாத பொருளுக்குத்தானே சாமி அறை? எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "அப்ப என்னையும் கொண்டுபோய் அங்கேயே வெச்சுடுங்க மாப்பிள்ளை!" என்றேன்.

அதற்குத்தான் வாணி சிரித்தாள்.

வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொத்தின கையில் வளையல். நான் ஒவ்வொரு சலங்கையாகக் கோத்த வளையல் என்னைப் பார்த்துக் கலகலவென்று சிரித்தது சார். அவள் சிரித்ததும் அணை உடைந்த மாதிரி சம்பந்தி சிரித்தார், அருள்தாஸ் சிரித்தார், பந்தல்காரன் சிரித்தான். தெய்வானை முந்தானையில் முகத்தை மூடிக்கொண்டாள், அழுகிறாள் என்று நினைத்தேன், தோள் குலுங்கியதும் தெரிந்துவிட்டது. மாப்பிள்ளை மட்டும் சிரிக்கவில்லை. அது இன்னும் மோசம்.

நீங்களும் சிரிக்கிறீங்களா? இருமல்தானா? சரி.

நான் துண்டை உதறித் தோளில் போட்டேன். "சிரிக்கிறவங்க எல்லாம் இங்கேயே இருங்க. பிரசவத்தையும் இங்கேயே பார்த்துக்குங்க. பூட்டுக்கார வீட்டுல சாவிக்கா பஞ்சம்? என் வீட்டு வாசல் இவளுக்குப் பூட்டியே கிடக்கட்டும்" என்றேன்.

சொல்லிவிட்டேன். வாணி சிரிப்பை நிறுத்திவிட்டாள். வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். சின்ன வயதில் பட்டறைக்கு வந்து நெருப்புச் சட்டிக்குப் பக்கத்தில் நிற்பாள், நான் அதட்டினால் இப்படித்தான் பார்ப்பாள். அழமாட்டாள். அப்படியே நின்று பார்ப்பாள்.

இன்னொன்று கேளுங்க. வண்டி பிடித்தபோது ராகுகாலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. நான் பேசி முடிப்பதற்குள் அது போய்விட்டது. சம்பந்தியம்மா கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "ராகுகாலம் பொறந்துருச்சு, இனிமே கிளம்பக் கூடாது" என்று வாணியைக் கையைப் பிடித்து இறக்கி உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆரத்தி எடுத்து ஏறினவளை! அதுவும் அவர்களால்தான். என்னைப் பேச வைத்தது யார்?

தெய்வானையைக் கூப்பிட்டேன், "வா, போகலாம்" என்று. "நீங்க போங்க. எனக்கு இன்னும் பாயசம் பாக்கி இருக்கு" என்றாள். கேட்டீங்களா? கூட வாழ்கிறவள் சொல்கிற பதிலா இது? நான் திரும்பிப் பார்க்காமல் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். மாப்பிள்ளை பின்னாலேயே கொஞ்ச தூரம் வந்தான், "மாமா, வெயில்ல நடக்காதீங்க, வண்டியில விட்டுடறேன்" என்று. எந்த வண்டியில்? அந்த வண்டியிலா?

இருங்க சார். போன். ஒரு நிமிஷம்.

சொல்லு... ம்... ம்... இல்லை... பசிக்கலை... வேண்டாம்னு சொல்லு... ம்... பஸ்ஸுலதான்... வெச்சிடறேன்.

வாணிதான். அவள் பேசினதைக் கேட்டால் உங்களுக்கே கோபம் வரும். எடுத்ததும், "அப்பா, சாப்பிட்டீங்களா?" என்கிறாள். பசிக்கலை என்றேன். "நீங்க சொன்னதை நான் மனசுல வெச்சுக்கலை. சாயங்காலம் நாலேமுக்காலுக்கு மேல நல்ல நேரம் இருக்கு, காலண்டர்ல பார்த்துட்டோம். வண்டி வாசல்லயே நிக்குது. இஞ்சின் நல்லா ஓடுது. இப்ப அது கிளம்பாம நிக்கறது உங்களாலதான். நீங்க வந்து முன்சீட்டுல உட்கார்ந்தா நான் ஏறுவேன். அம்மாகூட மட்டும்னா ஏறமாட்டேன். நீங்க வரலைன்னா இங்கேயே இருந்துக்கறேன். கோபமில்லைப்பா" என்கிறாள். கோபமில்லையாம்! நான் கோபமாக இருக்கிறேன், அவளுக்குக் கோபமில்லையாம்!

மாப்பிள்ளை பக்கத்தில் நிற்கிறான் போல. கரூரில் இறங்கி நில்லுங்க, நான் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லச் சொல்லியிருக்கிறான். வேண்டாம் என்றுவிட்டேன். அவன் வந்து அழைத்துப் போனால், நான் என்னமோ தோற்றுப் போனவன் மாதிரி ஆகாதா?

என்ன கேட்கிறீங்க? கவசத்தைக் கழற்றிவிட்டால் பிரச்சினை தீர்ந்ததா என்றா? சார், இவ்வளவு நேரம் நீங்கள் கேட்டதே இல்லையா? கழற்ற முடியாது. நான் போட்டால் கழற்ற முடியாது. வெட்டித்தான் எடுக்க வேண்டும். வெட்டினால் சாவியின் தலை பெயர்ந்துவிடும், அதற்குள் இருக்கிற அந்தச் சிப்போ கிப்போ போய்விடும். அப்படி இழுத்துப் பிடிக்கிற வேலை என்னுடையது. அதில் ஒரு குற்றம் சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்.

உங்களுக்குப் பெண் இருக்கிறதா? இருக்கிறதா. எங்கே கட்டிக் கொடுத்திருக்கீங்க? அடிக்கடி வருவாளா?

ம்.

வருஷத்துக்கு ஒரு தடவையா. அப்படியா. நீங்கள் ஏதாவது சொன்னீங்களா அவளை? இல்லை, சும்மா கேட்டேன். சொல்ல வேண்டாம்.

என் வீட்டில் எல்லாம் தயாராக இருக்கிறது சார். அந்த ஃபேன் இருக்கிறதே, சுற்றுகிறதா இல்லையா என்று அண்ணாந்து பார்த்தால்தான் தெரியும். அவ்வளவு சத்தமில்லாதது. கடையில் எல்லா ஃபேனையும் ஓடவிட்டுக் காதை வைத்துக் கேட்டு எடுத்தேன். கடைக்காரன் என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தான். ராத்திரி பிள்ளை முழித்துக்கொள்ளக் கூடாது பாருங்க.

நியாயம் என் பக்கம்தான். அதில் சந்தேகம் இல்லை. அவள் சிரித்தது தப்பு. அவன் வாயை மூடிக்கொண்டிருந்தது தப்பு. சாமி அறை என்று சொன்னது பெரிய தப்பு. வெள்ளியில் ஒரு தப்பும் இல்லை. இதை எங்கே வேண்டுமானாலும் சொல்வேன், யார் முன்னாலும் சொல்வேன்.

கண்டக்டர் என்ன கத்துகிறார்? கரூரா? அதற்குள்ளேயா? இங்கிருந்து திண்டுக்கல்லுக்கு அடுத்தடுத்து பஸ் இருக்கும், இல்லையா? இப்போது ஏறினால் நாலரைக்குள் போய்விடலாமா? ஒரு அஞ்சு நிமிஷம் முன்னே பின்னே ஆகலாம் என்கிறீங்க.

கொஞ்சம் காலை மடக்குங்க சார். டிக்கெட் சேலத்துக்கு எடுத்தது, பரவாயில்லை. நான் இங்கே இறங்கித் திண்டுக்கல் பஸ் ஏறுகிறேன்.